ஒரு கிலோ துணியில் எத்தனை பீஸ்?

கேள்வி: 26 அக்டோபர் 2025

அக்கா, நீங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். தீபாவளிக்கு அப்பாவுக்கு எடுத்த டி-சர்ட்டில், முதல் சலவையிலேயே பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிட்டது. கழுத்தும் தொங்கிவிட்டது. அவருடைய பழைய பனியன்கள் நைந்து போயிருக்கின்றனவே தவிர, வடிவம் மாறவில்லை. திருப்பூரில் தைக்கத் தெரிந்தவர்களே இல்லாமல் போய்விட்டார்களா?

27 அக்டோபர் 2025

தைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழி அவர்கள் மேல் விழக் கூடாது. காலையில் ஐரோப்பிய ஆர்டருக்கு அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் போடும் அதே கை, வேறொரு கம்பெனியில் லோக்கல் ஆர்டருக்கு எட்டுத் தையல் போடுகிறது. ஊரும் மெஷினும் மாறவில்லை. எத்தனை தையல், என்ன நூல், என்ன எடை என்று மேலே ஒருவர் எழுதிக் கொடுக்கிறார். கீழே இருப்பவர்கள் அதைத் தைக்கிறார்கள்.

கணக்கு எங்கே தொடங்குகிறது என்று சொல்கிறேன். பின்னலாடைத் துணியைக் கிலோ கணக்கில் வாங்குகிறார்கள், ஆடையைப் பீஸ் கணக்கில் விற்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாமே நடக்கிறது. சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணியில் பெரியவர்களுக்கான டி-சர்ட் வெட்டினால், வெட்டுக் கழிவையும் சேர்த்து ஏறத்தாழ 200 கிராம் போகும். கிலோவுக்கு ஐந்து பீஸ். எடையை 150க்கு இறக்கினால் ஆறு. தொங்கவிட்டுப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இன்னொரு வழியும் உண்டு. துணியை முடிப்பு வேலையின்போது, அதாவது சாயமேற்றிய பின் உலர்த்திச் சீராக்கும்போது, அகலத்தில் இழுத்து ஏற்றிவிட்டால், வெட்டும்போது கூடுதலாகச் சில பீஸ்கள் கிடைக்கும். இழுத்த துணி தண்ணீரைக் கண்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். அப்போது அகலம் குறையும், தையலும் கோணும்.

27 அக்டோபர், இரவு

பக்கத் தையல் திரும்புவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பஞ்சை முறுக்கித்தான் நூல் ஆகிறது. அந்த முறுக்கு ஒரே திசையில் இருப்பதால், ஒற்றை ஜெர்சியாக, அதாவது டி-சர்ட்டுக்கான சாதாரணப் பின்னலில் பின்னிய துணிக்கு இயல்பாகவே ஒரு பக்கம் திரும்பும் குணம் உண்டு. அதைக் கட்டுப்படுத்த நூலுக்கு நீராவி கொடுக்க வேண்டும், துணியை ஒழுங்காகக் காம்பாக்டிங் செய்ய வேண்டும் (பின்னால் சுருங்காதபடி முன்பே அழுத்திச் சுருக்குவது), ரோலைப் பிரித்து ஓர் இரவாவது தளர்வாகக் கிடக்கவிட்டு அதன் பிறகே வெட்ட வேண்டும். நான் வேலை செய்த இடத்தில் கட்டிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். ரோல் இறங்கிய அன்றே அதன் மேல் கத்தி வைக்க விடமாட்டார். "துணி இன்னும் மூச்சு விடவில்லை, தம்பி" என்று சூப்பர்வைசரிடம் சொல்வார். சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொள்வார். ஆனால் மாஸ்டர் சொன்னதுதான் நடக்கும்.

ஓர் இரவு துணி சும்மா கிடப்பதற்கு இடம் வேண்டும், பணம் முடங்கும், லாரி காத்திருக்கும். லோக்கல் ஆர்டரில் அந்த இரவை முதலில் வெட்டினார்கள்.

கழுத்தைப் பற்றி: கழுத்துப் பட்டைக்குப் போடும் வரிவரியான ரிப் துணியில், ரப்பர்போல இழுபடும் லைக்ரா நூல் கொஞ்சம் கலந்தால் கழுத்து இழுபட்டாலும் திரும்பிச் சுருங்கும். உட்புறம் ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை ஒரு நாடா வைத்துத் தைப்பார்கள். அது தையலையும் காக்கும், கழுத்து அகலாமலும் தடுக்கும். உங்கள் அப்பாவின் டி-சர்ட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், அந்த நாடா இருக்காது என்று நினைக்கிறேன்.

29 அக்டோபர் 2025

ஒருவர் கேட்டிருக்கிறார்: "199 ரூபாய்க்கு வாங்கிவிட்டு என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" நியாயமான கேள்விதான். ஆனால் 199 என்பதை யார் முடிவு செய்தார்கள்?

விலையை முதலில் எழுதிவிட்டு, அதற்குள் அடங்கும்படி ஆடையைச் செய்வது இப்போதைய முறை. கடையின் வாடகை, தள்ளுபடி, விளம்பரம், திரும்பி வரும் சரக்கு, ஆன்லைன் தளத்தின் கமிஷன் எல்லாம் போக மிஞ்சுவதுதான் தயாரிப்பாளருக்கு. பஞ்சு விலை ஏறினாலும் பலகையில் எழுதிய விலை ஏறாது. 2022 மே மாதத்தில் ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. மே 16, 17 தேதிகளில் திருப்பூரில் கம்பெனிகளைப் பூட்டி இரண்டு நாள் போராட்டம் நடந்தது. பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை ஏப்ரலிலேயே தற்காலிகமாக நீக்கியிருந்தார்கள், அது போதவில்லை. அந்த ஆண்டில் லோக்கல் தயாரிப்பாளர் என்ன செய்திருப்பார்? எடையைக் குறைத்தார். பஞ்சு விலை பின்னர் இறங்கியது. குறைத்த எடை பழைய இடத்துக்குத் திரும்பி வரவில்லை. எனக்கு மனம் கொதிப்பது இந்த இடத்தில்தான். நெருக்கடியில் எடுத்த முடிவு அப்படியே வழக்கமாகிவிட்டது.

30 அக்டோபர் 2025

நூல் வகை பற்றிக் கேட்டவர்களுக்கு.

பஞ்சில் நீள இழையும் குட்டை இழையும் கலந்துதான் இருக்கும். கோம்டு நூல் என்றால் சீப்புப் போட்டுக் குட்டை இழைகளை வெளியே எடுத்துவிட்டு நூற்றது. பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை பஞ்சு இதில் கழிவாகப் போகும், ஆகவே விலை அதிகம். கார்டட் நூலில் அந்தச் சீப்பு வேலை இல்லை. குட்டை இழைகள் உள்ளேயே இருக்கும், தோய்க்கத் தோய்க்க வெளியே வந்து உருண்டு பொடிப்பொடியாக நிற்கும். அடுத்தது ஓ.இ. நூல், அதாவது ஓப்பன் எண்ட் முறையில் நூற்றது. மற்ற மில்களில் வெளியேறிய கழிவுப் பஞ்சையும், பழைய துணியைக் கிழித்து எடுத்த பஞ்சையும்கூட அதில் நூற்கலாம். மறுசுழற்சி என்ற வகையில் அது நல்ல தொழில்தான். கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் அதில் வாழ்கின்றன. மிதியடிக்கும் ஜமுக்காளத்துக்கும் மிகப் பொருத்தம். ஆனால் அதே தடிமனில் வழக்கமான முறையில் நூற்ற ரிங் நூலைவிட அதற்கு வலு குறைவு. மெல்லிய பனியனாகப் பின்னி "நூறு சதவீதம் காட்டன்" என்று லேபிள் ஒட்டினால், லேபிளில் பொய் எதுவும் இல்லை, வாங்கியவர் மட்டும் ஏமாந்திருப்பார்.

இதே கோயம்புத்தூரில்தான் 1974இல் சுவின் என்ற பருத்தியை உருவாக்கினார்கள். உலகத்தின் மிக நீள இழைப் பருத்திகளில் ஒன்று. இப்போது அது மிகக் குறைந்த நிலத்தில்தான் விளைகிறது. விளைச்சல் குறைவு, பயிர்க்காலம் நீளம், கையால் பறிக்க வேண்டும். விவசாயிக்குக் கட்டுப்படியாகவில்லை.

2 நவம்பர் 2025

"கடையில் தொட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன், பட்டுப்போல மெத்தென்று இருந்தது" என்று மதுரையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். தொட்டுப் பார்ப்பது இனி போதாது. பயோ வாஷ் என்று ஒன்று செய்கிறார்கள். என்சைம் போட்டு, துணியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை அரித்து எடுப்பது. அளவோடு செய்தால் துணி வழுவழுப்பாகும், பொடி உருளாது. அளவு மீறினால் இழையே வலுவிழக்கும். அதற்கு மேல் சிலிகான் சாஃப்ட்னர் ஏற்றினால் மட்டமான துணியும் கையில் வழுக்கும். சில சலவைகளில் அது போய்விடும். விரல் ஏமாறுகிறது, அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

வேட்டியிலும் இதே கதைதான். இழை நெருக்கம் குறைந்த வேட்டிக்குக் கஞ்சி கெட்டியாக ஏற்றினால் மடிப்பு மொடமொடவென்று நிற்கும். கஞ்சி போனதும் சல்லடை. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் வேட்டியும் உண்டு. கைத்தறிக்கு என்று ஒதுக்கிய ரகங்கள் விசைத்தறியில் ஓடுவது சட்டத்தைப் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் தெரியும். விசைத்தறிக்காரர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் கூலிக்குத்தான் ஓட்டுகிறார்கள், பாவு, அதாவது தறிக்கான நூல், கொடுப்பவர் வேறு ஒருவர்.

5 நவம்பர் 2025

எல்லாம் வங்கதேசச் சரக்கு என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். பாதி சரி. 2011இல் வங்கதேச ஆயத்த ஆடைகளுக்கு இந்தியா வரி நீக்கியது. திருப்பூரின் உள்நாட்டு உற்பத்தியாளர்கள் அன்று முதல் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். 2025 மே மாதம் தரைவழி எல்லைச் சாவடிகள் மூலம் வருவதை நிறுத்தி, கொல்கத்தா, மும்பை அருகே உள்ள நவ சேவா துறைமுகங்கள் வழியாக மட்டும் அனுமதித்தார்கள்.

ஆனால் வங்கதேசத்தில் தைத்தது என்பதாலேயே அது மட்டமாகிவிடாது. அங்கேயும் வாங்குபவர் கேட்ட தரம்தான் தைக்கப்படுகிறது. 2013 ஏப்ரல் 24 அன்று அங்கே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், என்னைப் போல மெஷினிலும் செக்கிங் மேசையிலும் நின்றவர்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது. ஆனாலும் உள்ளே போகச் சொன்னார்கள். "பங்களாதேஷ் சரக்கு" என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் கொஞ்சம் மரியாதை இருக்கட்டும்.

6 நவம்பர் 2025

வங்கதேசம் பற்றி எழுதியபின் இரவெல்லாம் அதே நினைவு. திருப்பூரிலும் 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது நான் குழந்தை. வீட்டில் அடுப்பு எரிந்ததும் எரியாததும் பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும். கோரிக்கையில் ஒரு பகுதி வென்றது. அதன் பின்னான ஆண்டுகளில் வேலை சின்னச் சின்ன யூனிட்டுகளாகப் பிரிந்தது. ஒருவர் வெட்டுவார், இன்னொருவர் தைப்பார், பட்டன் வேறு தெருவில், அயர்னிங் வேறு தெருவில். ஜாப் ஒர்க் என்றால் இதுதான். சிறு முதலாளிகள் ஏராளமாக உருவானார்கள், தையல்காரரே நான்கு மெஷின் போட்டு யூனிட் வைத்தார். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், எங்கள் தெருவே அப்படித்தான் வளர்ந்தது.

ஆனால் ஒரு ஆடைக்கு முழுப் பொறுப்பு ஏற்கும் ஆள் அதில் காணாமல் போனார். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு நிதானம் என்பது கூலி இழப்பு. பட்டன் வைக்கும் மெஷினில் ஒற்றை நூல் சங்கிலித் தையல் போட்டால் வேகம், ஒரு முனையை இழுத்தால் பட்டன் கையோடு வரும். லாக் ஸ்டிச் மெஷினில் போட்டால் வராது. இந்த வித்தியாசம் எல்லாத் தையல்காரருக்கும் தெரியும். வேகத்துக்குத்தான் கூலி என்றால் அவர் எதைப் போடுவார்?

6 நவம்பர், மாலை

இப்போது தைப்பவர்களில் பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். "வெளியாட்கள் வந்ததால் தரம் போனது" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. எக்ஸ்போர்ட் யூனிட்டுகளிலும் அவர்கள்தான் தைக்கிறார்கள், அங்கே செக்கிங்கில் சரக்கு தேறிப் போகிறது. அங்கே ஏ.க்யூ.எல். 2.5 என்று ஓர் அளவுகோல் உண்டு. ஒரு தொகுதிச் சரக்கிலிருந்து (லாட்) குறிப்பிட்ட எண்ணிக்கையில் எடுத்துப் பார்த்து, பிழை வரம்பைத் தாண்டினால் முழு லாட்டையும் நிறுத்துவார்கள். லோக்கல் சரக்கில் வாங்குபவர் தரப்பிலிருந்து யாரும் வந்து மேசையில் உட்காருவதில்லை. நான் பார்த்தவரை, நூல் வெட்டி மடித்துப் பையில் போடும் பெண்தான் அங்கே செக்கிங்கும்.

11 நவம்பர் 2025

சாயம் போவது பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். பருத்தி இழையோடு பிணையும் ரியாக்டிவ் சாயம் ஏற்றிய பிறகு, துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தைச் சூடான தண்ணீரில் சோப்புப் போட்டுப் பலமுறை அலச வேண்டும். ஓர் அலசலைக் குறைத்தால் தண்ணீர், விறகு, நேரம் எல்லாம் மிச்சம். அந்த மிச்சம்தான் உங்கள் வாளியில் சிவப்பாக ஓடுகிறது.

ஒரு நண்பர், "கோர்ட் சாயப்பட்டறைகளை மூடியதால்தான் இது" என்கிறார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது உண்மை. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற விதி கண்டிப்பானது, சுத்திகரிப்புச் செலவும் ஏறியது, சில பட்டறைகள் வேறு மாவட்டங்களுக்கு நழுவிப் போயின. ஆனால் அந்த நண்பர் நொய்யல் ஆற்றில் உள்ள ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்திருக்க வேண்டும். 1992இல் பாசனத்துக்காகக் கட்டியது. சாயக்கழிவு தேங்கும் குளமாகி, கீழே உள்ள கிணறுகளின் தண்ணீர் மாட்டுக்கும் ஆகாமல் போனது. நொய்யல் விவசாயிகள் ஆண்டுக்கணக்காக வழக்கு நடத்தித்தான் அந்த உத்தரவு வந்தது. ஆடை மலிவாக இருந்த காலத்தில் அதன் விலையை அவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிறத்துக்கு ஆகும் உண்மையான செலவை இப்போது சாயப்பட்டறை கொடுக்கிறது, கொடுக்கத்தான் வேண்டும்.

12 நவம்பர் 2025

கடையில் என்ன பார்ப்பது என்று கேட்டவர்களுக்கு, நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் உள்பக்கம் திருப்புவேன். ஓரம் பிரியாமல் சுற்றிப் போடும் ஓவர்லாக் தையலை இரு கைகளாலும் அகலவாட்டில் இழுத்தால், தையல் இடைவெளிகளில் வெளிச்சம் தெரியக் கூடாது. கீழ் மடிப்பை நீளவாட்டில் இழுத்தால் நூல் "டப்" என்று அறக் கூடாது. டி-சர்ட்டைத் தோளைப் பிடித்துத் தொங்கவிட்டால் பக்கத் தையல் நேராக இறங்க வேண்டும். வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால், உங்களிடம் உள்ள நல்ல பழைய டி-சர்ட்டையும் அதே அளவுள்ள புதியதையும் நிறுத்துப் பாருங்கள். ஓரத்து நூல் ஒன்றை எடுத்துக் கொளுத்தினால், பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கருகி மணியாகத் திரளும்.

"எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" என்று லேபிள் வெட்டி விற்பதை நம்பி மட்டும் வாங்காதீர்கள். திருப்பூரின் ஆடைச் சந்தையான காதர்பேட்டையில் உண்மையான மிச்சச் சரக்கும் உண்டு, மிச்சச் சரக்குபோலத் தோன்றுவதற்காகவே லேபிள் வெட்டித் தைத்ததும் உண்டு. உள்பக்கத் தையல் காட்டிக் கொடுத்துவிடும்.

19 நவம்பர் 2025

பேச்சு கொஞ்சம் விலகுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரியவர் பின்னி மில் காக்கியை நினைவுபடுத்தினார். சென்னை பெரம்பூரில் இருந்த அந்த மில் 1996இல் மூடப்பட்டது. எங்கள் சித்தப்பா பஸ் கண்டக்டர். அவருடைய பின்னி காக்கி சட்டையை வெட்டி எனக்குப் பள்ளிப் பை தைத்தார்கள். பையின் வார்தான் அறுந்தது, துணி கிழியவில்லை. கோயம்புத்தூரில் 1888இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில்தான் அந்த ஊரின் முதல் மில். தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கோவை மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை, இன்னும் ஓடவில்லை. அவற்றில் வேலை பார்த்தவர்கள் முழுச் சம்பளம் கேட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பஞ்சில் தொடங்கித் துணியில் முடியும் வரை ஒரே கூரையின் கீழ் நடந்தபோது, துணி மோசமானால் எந்தப் பெயரைத் திட்டுவது என்று ஜனங்களுக்குத் தெரியும். துணியின் ஓரத்தில் மில் முத்திரை இருக்கும்.

3 டிசம்பர் 2025

"அமெரிக்கா 50 சதவீத வரி போட்டுவிட்டதே, இனி எக்ஸ்போர்ட் தரச் சரக்கு நமக்கே வருமா?" என்று கேட்கிறீர்கள். 2025 ஆகஸ்ட் 27 அன்று அந்த வரி நடப்புக்கு வந்தது. அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த யூனிட்டுகளில் ஷிப்ட் குறைந்திருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்ட்தான். தெரிந்த குடும்பங்களில் அந்த அரை ஷிப்ட் கூலியில்தான் பிள்ளைகளின் டியூஷன் நடந்தது. ஆகவே இதை வாங்குபவருக்கு வந்த நல்ல காலம் என்று பேச எனக்கு வாய் வரவில்லை.

சில எக்ஸ்போர்ட்டர்கள் உள்நாட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். நல்ல நூலும் செக்கிங் பழக்கமும் அவர்களோடு வரலாம். அல்லது 199 ரூபாய்ப் பலகை அவர்களையும் இழுத்துவிடலாம். செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. முன்பு ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் 12 சதவீதம். அந்த வரம்புக்குப் பயந்து நல்ல சட்டையைத் தவிர்த்தவர்களுக்கு இனி அந்தக் காரணம் இல்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். துணியின் எடை, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று லேபிளில் அச்சாக வேண்டும். எக்ஸ்போர்ட் ஆர்டர் தாளில் முதல் வரிகளிலேயே இருக்கும் எண் அது. வெளிநாட்டுக் கடைக்காரருக்குத் தெரியும் எண், ஊரில் வாங்கும் அம்மாவுக்கு ஏன் தெரியக் கூடாது? தெரிந்துவிட்டால் 150க்கும் 180க்கும் உள்ள விலை வித்தியாசத்தை அவரே முடிவு செய்துகொள்வார். இன்று அவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. இரண்டையும் ஒரே படத்தில், ஒரே புன்னகை மாடலின் மேல் காட்டுகிறார்கள்.

8 டிசம்பர் 2025

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் சின்ன யூனிட் வைத்திருக்கும் ஒரு தம்பி போனில் பேசினார். 180 கிராம் கோம்டு துணியில், கழுத்து நாடாவோடு தைக்கிறார். கடைக்காரர்கள் பக்கத்து அலமாரியில் உள்ள மெல்லியதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்கிறார்களாம். பொங்கல் சரக்கிலிருந்து எடையை லேபிளில் அச்சிடப் போவதாகச் சொன்னார். நூலின் தடிமனைக் காட்டும் நூல் எண்ணையும் கோம்டு என்பதையும் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன். எடையை மட்டும் போட்டால், தடிமனான ஓ.இ. நூலில் பின்னி அதே 180ஐ இன்னொருவர் காட்டிவிடுவார்.